கியர்பாக்ஸ் ஆயில் சீல்: தண்டு வெளியே வருகிறது, எண்ணெய் ஏன் வருவதில்லை?

மாணவர்களே, ஒரு சிறிய சோதனையை மனத்துக்குள் செய்து பார்ப்போம். பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீரை நிரப்புங்கள். மூடியில் துளையிட்டு அதன் வழியே ஒரு பென்சிலைச் செருகுங்கள். போத்தலைப் படுக்க வைத்துப் பென்சிலைச் சுழற்றினால் தண்ணீர் ஒழுகும். பென்சிலைச் சுற்றி ரப்பரை இறுகக் கட்டினால் ஒழுகுவது நின்றுவிடும். ஆனால் பென்சில் சுழலாது. பலத்தைக் கூட்டிச் சுழற்றினால் ரப்பர் தேய்ந்து, சற்று நேரத்தில் மறுபடியும் ஒழுகத் தொடங்கும்.

தண்டு சுழல வேண்டும். திரவம் ஒழுகக் கூடாது. இந்தச் சிக்கல் உங்கள் வீட்டுக் காரின் அடியில் இரண்டு இடங்களில் நாள்தோறும் தீர்க்கப்படுகிறது. அதைத் தீர்ப்பது உள்ளங்கை அளவுள்ள ஒரு ரப்பர் வளையம். பட்டறையில் இதை ‘ஆயில் சீல்’ என்பார்கள்.

நம் சாலைகளில் ஓடும் மைவி, சாகா போன்ற சிறிய கார்களில் இயந்திரத்தின் விசை முன்சக்கரங்களுக்குச் செல்கிறது. இயந்திரத்தோடு ஒட்டியிருக்கும் கியர்பாக்ஸின் இரு பக்கங்களிலிருந்தும் ஒவ்வொரு டிரைவ் ஷாஃப்ட் வெளியே வந்து, இடது வலது சக்கரங்களைச் சுழற்றுகிறது. கையால் கியர் மாற்றும் சிறிய கார் என்றால் கியர்பாக்ஸுக்குள் ஏறக்குறைய 2 லிட்டர் எண்ணெய் இருக்கும். பற்சக்கரங்கள் அந்த எண்ணெயை அள்ளி நாலாப்புறமும் வீசிக்கொண்டே இருக்கும். டிரைவ் ஷாஃப்ட் வெளியே வரும் துளை எப்போதும் எண்ணெயில் நனைந்த இடம். அந்தத் துளையின் வாயில்தான் சீல் உட்கார்ந்திருக்கிறது.

அதன் வேலை எவ்வளவு கடினமானது என்பதைக் கணக்கிட்டால்தான் புரியும். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 30.6 மீட்டர். டயரோடு சேர்த்துச் சிறிய காரின் சக்கர விட்டம் 0.58 மீட்டர் என்று கொள்வோம். சுற்றளவு 1.82 மீட்டர். அப்படியானால் சக்கரம் விநாடிக்கு 16.8 முறை சுற்றுகிறது; நிமிடத்திற்கு ஏறக்குறைய 1,000 சுற்று. டிரைவ் ஷாஃப்ட்டும் அதே எண்ணிக்கையில் சுற்றும். சீல் தொடும் இடத்தில் தண்டின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்றால் அதன் சுற்றளவு 0.126 மீட்டர். ஆக, ரப்பரின் மேல் உலோகம் விநாடிக்கு 2.1 மீட்டர் வேகத்தில் உரசிக்கொண்டு ஓடுகிறது.

இதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. 40-ஐ 580-ஆல் வகுத்தால் 0.069 கிடைக்கும். கார் ஓடும் தூரத்தை இதனால் பெருக்கினால் சீல் உரசிய தூரம் வந்துவிடும். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சுமார் 330 கிலோமீட்டர். அந்த ஒரு பயணத்தில் சீல் 23 கிலோமீட்டர் உரசுகிறது. 100,000 கிலோமீட்டர் ஓடிய காரில் அதே ரப்பர் 6,900 கிலோமீட்டர் உரசியிருக்கும். உங்கள் பள்ளிக் காலணியின் அடிப்பாகம் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த ரப்பர் மட்டும் எப்படித் தேயாமல் இருக்கிறது?

தொடாமல் தொடும் உதடு

ஒரு சீலை வெட்டிப் பார்த்தால் மூன்று பாகங்கள் தெரியும். வெளிப்புறத்தில் இரும்பு வளையம். இது கியர்பாக்ஸின் குழியில் இறுக்கமாக உட்காரும். அதோடு ஒட்டி வார்க்கப்பட்ட ரப்பர். அதன் உள்விளிம்பு கூர்மையான உதடுபோல நீண்டு தண்டைத் தொடும். உதட்டின் முதுகில் ஒரு மெல்லிய சுருள்வில், வளையல்போல வட்டமாகக் கோக்கப்பட்டிருக்கும். ரப்பர் வயதாகித் தளர்ந்தாலும் இந்தச் சுருள்வில் உதட்டைத் தண்டின் மேல் மென்மையாக அழுத்திக்கொண்டே இருக்கும்.

தொடக்கத்தில் இந்த உதட்டைத் தோலால்தான் செய்தார்கள். ஜெர்மனியின் ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம் அடிப்படையில் ஒரு தோல் பதனிடும் நிறுவனம். தோல் சீல்களைச் செய்யத் தொடங்கி, 1930-களில் செயற்கை ரப்பருக்கு மாறியது. ஆஸ்திரியப் பொறியாளர் வால்ட்டர் சிம்மரின் பெயரால் ‘சிம்மர்ரிங்’ என்று அது வைத்த பெயரை ஜெர்மனியில் இன்றும் எல்லா ஆயில் சீல்களுக்கும் பொதுப்பெயராகச் சொல்கிறார்கள்.

உதடு தண்டை இறுகப் பிடிப்பதால் எண்ணெய் நிற்கிறது என்றுதான் நெடுநாள் எண்ணப்பட்டது. நாமும் அப்படித்தான் எண்ணுவோம். 1957-இல் இங்கிலாந்தில் இ. டி. ஜேகர் என்பவர் வெளியிட்ட ஆய்வு வேறு ஒன்றைக் காட்டியது. தண்டு சுழலும்போது உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான்; நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ரப்பர் உலோகத்தின் மேல் ஓடவில்லை, எண்ணெயின் மேல் ஓடுகிறது. அதனால்தான் அது தேய்வதில்லை.

சரி, உதட்டின் அடியிலேயே எண்ணெய் இருக்கிறது என்றால் அது ஏன் வெளியே வழிந்துவிடுவதில்லை? ஒரு காரணம் பரப்பு இழுவிசை. குழாய் நுனியில் தண்ணீர்த் துளி விழாமல் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். படலத்தின் வெளிவிளிம்பில் எண்ணெய் அதேபோல் வளைந்து, தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. ஆனால் இது மட்டும் போதாது. மற்றொரு காரணம் பின்னாளில் தெரியவந்தது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

உதட்டின் இரண்டு சரிவுகளையும் கவனியுங்கள். எண்ணெய்ப் பக்கச் சரிவு செங்குத்தாக இருக்கும். காற்றுப் பக்கச் சரிவு படுத்திருக்கும். இதனால் உதடு தண்டை அழுத்தும் விசை நடுவில் உச்சம் அடைவதில்லை. எண்ணெய்ப் பக்க விளிம்பை ஒட்டி உச்சம் அடைகிறது. ரப்பரின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகள் உண்டு. தண்டு சுழலும்போது அவற்றைத் தன் திசையில் இழுக்கிறது. அழுத்தம் அதிகமான இடத்தில் மேடுகள் அதிகமாக நகர்கின்றன. விளிம்புகளில் குறைவாக நகர்கின்றன. எனவே மேடுகளின் வரிசை சாய்ந்து, சரிவான வாய்க்கால்களைப் போல ஆகிவிடுகிறது. இந்த வாய்க்கால்கள் திரவத்தை அழுத்த உச்சத்தை நோக்கித் தள்ளும். காற்றுப் பக்கத்திலிருந்து உச்சம் வரையிலான தூரம் நீளமானது. அங்கே வாய்க்கால்களும் நீளம். எண்ணெய்ப் பக்கம் குட்டை. இரண்டும் எதிரெதிராகத் தள்ளும்போது நீளமான பக்கம் வெல்கிறது. மொத்த விளைவு: வெளிப்பக்கம் வரும் எண்ணெய் மீண்டும் உள்ளே தள்ளப்படுகிறது.

ஆக, நாம் அடைப்பான் என்று நினைத்தது உண்மையில் ஓர் இறைக்கும் கருவி. இதை மெய்ப்பிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. நல்ல சீல் ஒன்றைத் தலைகீழாக, சுருள்வில் வெளியே தெரியும்படி மாட்டி ஓட்டினால், அதே சீல் எண்ணெயை வெளியே இறைத்துக் கொட்டும். ரப்பரும் புதிது, சுருள்வில்லும் புதிது, இறுக்கமும் அதேதான். திசை மட்டும்தான் மாறியது.

நம் நாட்டு ரப்பர் ஏன் உதவாது?

மலேசியாவில் இவ்வளவு ரப்பர் தோட்டங்கள் இருந்தும் ஆயில் சீலுக்குச் சாதாரண இயற்கை ரப்பரைப் பயன்படுத்த முடியாது. நம் தாத்தா பாட்டிகள் சீவிய பால்மரத்தின் ரப்பர், கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த நீண்ட சங்கிலி. பெட்ரோலிய எண்ணெயும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். ஒத்தது ஒத்ததோடு கலக்கும் என்பது வேதியியல் விதி. எண்ணெய் ரப்பருக்குள் நுழைந்து, சங்கிலிகளை விலக்கி, அதை ஊதிப் பருக்க வைத்துவிடும். வடிவம் கெட்ட உதடு எதையும் இறைக்காது.

வீட்டிலேயே பார்க்கலாம். ‘பேபி ஆயில்’ பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவதுதான். ஒரு ரப்பர் பேண்டின் நீளத்தை அளந்து அதில் ஊறப்போடுங்கள். நீல நிற நைட்ரைல் கையுறையிலிருந்து ஒரு துண்டை வெட்டி அளந்து இன்னொரு கிண்ணத்தில் போடுங்கள். மூன்று நாள் கழித்து இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். நைட்ரைல் ரப்பரின் சங்கிலியில் இடையிடையே கார்பன்-நைட்ரஜன் தொகுதிகள் தொங்குகின்றன. அவற்றில் மின்னூட்டம் சமமாகப் பரவியிருப்பதில்லை. எண்ணெய் மூலக்கூறுகளுக்கு அங்கே இடமில்லை. ஆயில் சீல்களில் பல இந்த நைட்ரைல் ரப்பரால் ஆனவை. அது ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதற்கும் மேலான வெப்பத்திற்கு ஃப்ளோரின் சேர்ந்த ரப்பர் தேவைப்படும். அதன் விலை அதிகம்.

இயற்கை ரப்பரை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் வேண்டாம். அதன் சங்கிலியில் ஆக்ஸிஜனை ஏற்றி எண்ணெயைத் தாங்கும்படி மாற்றும் முறை உண்டு. மலேசிய ரப்பர் வாரியம் அப்படிப்பட்ட ரப்பரை ‘எக்கோப்ரேனா’ என்ற பெயரில் கொண்டுவந்திருக்கிறது. படிவம் 5 வேதியியலில் பலபடி பாடம் நடக்கும்போது இதை நினைவில் வைத்திருந்து கேளுங்கள். உங்கள் ஆசிரியர் மகிழ்வார்.

ஒரு துளிதானே?

சீல் கெட்டால் முதலில் தெரிவது, கார் நிற்கும் இடத்தில் ஒரு கறை. நம் ஊரில் குளிர்சாதனத்திலிருந்து சொட்டும் தண்ணீர் எல்லாரையும் குழப்பும். காரின் அடியில் இரவு ஓர் அட்டைப்பெட்டித் துண்டை விரித்து வையுங்கள். தண்ணீர் காலையில் காய்ந்துவிடும்; எண்ணெய் கறையாக நிற்கும். கியர் எண்ணெய்க்குப் பெரும்பாலும் கந்தக வாடை உண்டு. தானியங்கி கியர்பாக்ஸ் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தாலும் கறை படும். ஆனால் அது கட்டியான கிரீஸ், சுற்றியுள்ள இடமெல்லாம் தெறித்திருக்கும். சந்தேகமாக இருந்தால் அந்த இடத்தைத் துடைத்து, முகப்பவுடர் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டுப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் முறை. பவுடர் எங்கே முதலில் நனைந்திருக்கிறதோ அதுதான் ஊற்று.

“ஒரு துளிதானே, பிறகு பார்க்கலாம்” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு துளி ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர். ஓடும்போது நிமிடத்திற்கு ஒரு துளி விழுகிறது, கார் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 60 துளி, அதாவது 3 மில்லிலிட்டர். மாதத்திற்கு 90 மில்லிலிட்டர். ஒரு வருடத்தில் 1.1 லிட்டர், 2 லிட்டர் எண்ணெயில் பாதிக்கும் மேல் போய்விட்டது. இயந்திர எண்ணெய்க்கு எச்சரிக்கை விளக்கு உண்டு. கையால் மாற்றும் கியர்பாக்ஸின் எண்ணெய் மட்டத்திற்குப் பெரும்பாலான கார்களில் விளக்கும் இல்லை, அளக்கும் குச்சியும் இல்லை. பற்கள் காய்ந்து, சூடேறி, ஊளையிடும் ஓசை கேட்கும்போது காலம் கடந்திருக்கும். சீலின் விலை சில பத்து ரிங்கிட். கியர்பாக்ஸைப் பிரித்துச் சீர்செய்யும் செலவு ஆயிரங்களில் வரும். அதோடு, சாலையில் விழுந்த எண்ணெய் மழையில் நனையும்போது பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் வழுக்கும். அந்தத் துளி நம் பணப்பையை மட்டும் தொடுவதில்லை.

பட்டறையில் நடப்பது

சீலை மாற்றும் வேலையை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம். பட்டறையில் அருகில் நின்று பாருங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

ஜாக்கி என்பது காரைத் தூக்கும் கருவி, தாங்கும் கருவி அன்று. தூக்கிய பிறகு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் கார் உட்கார்ந்த பிறகே ஒருவர் அடியில் போக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

அனுபவசாலி எண்ணெயை வடிக்கும் முன் நிரப்பும் துளையின் திருகைக் கழற்றிப் பார்ப்பார். காரணம் எளிது: வடித்த பிறகு நிரப்பும் திருகு துருப்பிடித்துத் திறக்க மறுத்தால், எண்ணெய் இல்லாத கியர்பாக்ஸோடு கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அடுத்து, சக்கரத்தைத் தாங்கும் பகுதியைக் கீழ் மூட்டிலிருந்து பிரித்து ஒதுக்கி, டிரைவ் ஷாஃப்ட்டின் உள்முனையை நெம்பி வெளியே எடுப்பார். அதை ஒரு சிறு கம்பி வளையம் உள்ளே பிடித்திருக்கும். தண்டின் நடுவைப் பிடித்து இழுத்தால் உள்மூட்டு கழன்றுவிடலாம். அதனால் மூட்டின் அருகிலேயே நெம்புகோலை வைக்கிறார். நெம்புகோல் பாடத்தை அங்கே நேரில் காணலாம்.

பழைய சீலைப் பிடுங்கும் முன் அது எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அளப்பவர் நல்ல மெக்கானிக். பிடுங்கும்போது அலுமினியக் குழியில் கீறல் விழக்கூடாது. விழுந்தால் புதிய சீலின் வெளிப்பக்கமாகவே எண்ணெய் கசியும். புதிய சீலில் அச்சிடப்பட்ட எண்களைப் பாருங்கள்: பொதுவாக உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். சில சீல்களில் ஓர் அம்புக்குறியும் இருக்கும். உதட்டின் காற்றுப் பக்கத்தில் சாய்ந்த நுண்வரிகள் வார்க்கப்பட்டிருந்தால் அவை ஒரு சுழல்திசையில்தான் எண்ணெயை உள்ளே தள்ளும். இடது பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் ஒரு திசையிலும், வலது பக்கத்திலிருந்து பார்த்தால் எதிர்த்திசையிலும் சுழலும் அல்லவா? எனவே அத்தகைய சீல்களில் இடதும் வலதும் வேறு. மாற்றிப் போட்டால் புதிய சீலே ஒழுகும்.

உதட்டில் கியர் எண்ணெய் தடவாமல் மாட்டினால் முதல் சில நிமிடங்கள் படலம் இருக்காது. காய்ந்த ரப்பர் சூடேறிக் கருகிவிடும். சீலின் வெளிவிட்டத்துக்கு ஏற்ற குழாயை வைத்து நேராகத் தட்டி இறக்க வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் சுத்தியலால் அடித்தால் அது சரிந்து உட்காரும். கடைசியாக டிரைவ் ஷாஃப்ட்டைச் செருகும்போது அதன் எடையை உதட்டின் மேல் சாயவிடக் கூடாது. தண்டின் நுனியில் உள்ள பற்கள் கூர்மையானவை. உதட்டில் ஒரு சிறு வெட்டு விழுந்தாலும் அத்தனை வேலையும் வீண்.

எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவரின் காரில் சீல் மாற்றி இரண்டு மாதத்தில் மறுபடி ஒழுகியது. மறுபடி மாற்றினார்கள்; மறுபடி ஒழுகியது. ‘போலிச் சரக்கு’ என்று கடைக்காரர்மேல் பழி விழுந்தது. வேறொரு பட்டறையில் தண்டைத் துடைத்து, சீல் உட்காரும் இடத்தில் நகத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். நகம் ஒரு பள்ளத்தில் மாட்டியது. அத்தனை ஆண்டுகள் உதட்டில் சிக்கிய தூசியும் துகளும் இரும்பையே அரித்துவிட்டன. மென்மையான ரப்பர் கடினமான இரும்பை அரிக்குமா என்று கேட்காதீர்கள். ரப்பரில் பதிந்த மணல் துகள் இரும்பைவிடக் கடினம், உப்புத்தாள் வேலை செய்வதும் அப்படித்தான். பள்ளத்தில் விழும் உதட்டுக்கு எத்தனை புதிய சீல் போட்டாலும் பயனில்லை. குழியில் இடமிருந்தால் சீலைச் சற்று மாறுபட்ட ஆழத்தில் பொருத்தி உதட்டைப் புதிய தடத்தில் ஓடவிடலாம். இல்லையேல் தேய்ந்த பாகத்தை மாற்ற வேண்டும்.

பலர் பார்க்க மறக்கும் இன்னொரு குற்றவாளி, கியர்பாக்ஸின் மேலே இருக்கும் சிறிய காற்றுத் துளை. அது சேற்றால் அடைபட்டது என்று வைத்துக்கொள்வோம். காலையில் உள்ளே இருக்கும் காற்று 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின். ஓடிய பிறகு 87 டிகிரி, அதாவது 360 கெல்வின். கன அளவு மாறாதபோது அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதம் என்று படிவம் 4 இயற்பியலில் படிக்கிறீர்கள். அழுத்தம் 1.2 மடங்காகிறது, 100 கிலோபாஸ்கல் 120 ஆகிறது. அந்தக் கூடுதல் 20 கிலோபாஸ்கல், சீலின் உதட்டைத் தண்டின் மேல் கடுமையாக அழுத்தி, படலத்தைப் பிழிந்து, தேய்மானத்தைக் கூட்டும். எண்ணெயை வெளியே தள்ளவும் பார்க்கும். சாதாரண ஆயில் சீல் இரு பக்கமும் அழுத்தம் ஏறத்தாழ சமமாக இருக்கும் இடத்துக்கென்றே செய்யப்பட்டது. ஒரு கம்பியால் அந்தத் துளையைச் சுத்தம் செய்ய இரண்டு நிமிடம்தான் ஆகும்.

எல்லாம் பொருத்திய பிறகு, காரைச் சமதளத்தில் வைத்து, நிரப்பும் துளையின் விளிம்பை எட்டும்வரை புதிய எண்ணெயை ஊற்றுவார்கள். வடித்த பழைய எண்ணெய் சாக்கடைக்குப் போகக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளின்படி மலேசியாவில் கழிவு மசகெண்ணெய், எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணுடைய அபாயக் கழிவு. பட்டறை அதைச் சேர்த்து வைத்து உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு மீண்டும் அட்டையை விரித்துப் பாருங்கள். அட்டை காய்ந்திருந்து, சீலின் உதட்டோரம் மட்டும் லேசான ஈரம் இருந்தால் அது ஒழுகல் அன்று. படலம் வேலை செய்கிறது என்று பொருள்.

உங்களுக்கு ஒரு கேள்வி. சில பழைய கார்களில் சீல் ஓடும்போது ஒழுகுவதில்லை. இரவு முழுவதும் நிற்கும்போதுதான் சொட்டுகிறது. ரப்பர் அதேதான், எண்ணெய் அதேதான். உதடு செய்யும் இரண்டு வேலைகளில் எது நின்றுபோனது, எது இன்னும் நடக்கிறது? விடையை மூன்று வரிகளில் எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.